தாத்தாவின் கணக்கு நோட்டுகளைப் புத்தகமாக்குவது எப்படி?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பதினோரு கணக்கு நோட்டுகள், கிரயப் பத்திரங்கள், ஒரு கட்டு ஓலைச்சுவடி, பெயர் எழுதாத பழைய போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை வைத்துக் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் சேர்ந்த ஒரு புத்தகம் போட ஆசை. வருகிற தை மாதம் குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கூடும்போது வெளியிட வேண்டும் என்கிறார்கள் அண்ணன்மார். நோட்டில் உள்ள தேதிகளே எங்களுக்குப் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? (அம்பாசமுத்திரம் பகுதி வாசகி)

பதில்: தைக்குள் புத்தகம் முடியாது. அவசரமாக முடித்தால் தப்பும் தவறுமாக அச்சேறும்; பிறகு அதுவே ஆதாரமாகிவிடும். போட்டோக்களை மட்டும் பெயர்களோடு ஒரு முப்பத்திரண்டு பக்கச் சிறு மலராகத் தைக்குக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்ததும் உறவினர்கள், “இது இன்னார் இல்லை, அவர் தம்பி” என்று திருத்தம் சொல்வார்கள், தங்கள் வீட்டுப் பெட்டிகளையும் திறப்பார்கள். பெரிய புத்தகத்துக்கு அவை எல்லாம் வேண்டும்.

நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் சொல்லியிருக்கும் 88 வயதுப் பெரியாச்சியிடம் முதலில் போங்கள். நோட்டு காத்திருக்கும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். மின்விசிறிச் சத்தம் பதிவைக் கெடுக்கும், அதனால் செல்போனை அவர் அருகிலேயே ஒரு துணியின் மேல் வையுங்கள். “நம்ம குடும்ப வரலாற்றைச் சொல்லுங்க” என்றால் யாருக்கும் பேச்சு வராது. ஒரு போட்டோவைக் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர் கேளுங்கள். தலைப்பிரசவம் எந்த ஊரில், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், நடவுக்கு யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டு கேட்காதீர்கள், புதுப்பைசா வந்தபோது (1957 ஏப்ரல்) கல்யாணம் ஆகிவிட்டதா, அண்ணா மறைந்தபோது (1969 பிப்ரவரி) கடைக்குட்டிக்கு என்ன வயது என்று கேட்டால் ஆண்டு தானாக வந்துவிடும்.

அடுத்தது பெட்டி. கிழிந்த பத்திரத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடங்களில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், ஒருமுறை செய்தால் பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுத்தால் தாளோடு வரும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டை அடியில் செருகிக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைக்காமல், மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். சுவடியின் ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலவே வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ கேளுங்கள்.

எழுத்துள்ள தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) அளவிலும், போட்டோவை 600 டிபிஐ அளவிலும் ஸ்கேன் செய்யுங்கள். தைத்த நோட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு விட்டுவிடும். அதற்குச் செல்போன் கேமராவே மேல். பிளாஷ் இல்லாமல், இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். வெற்றுப் பக்கங்களையும் அட்டையின் உள்பக்கத்தையும் விடாதீர்கள்; பிறந்த நேரம், கைமாற்றுக் கடன் எல்லாம் அங்கேதான் கிறுக்கப்பட்டிருக்கும். “நோட்டு03_பக்கம்041” என்பதுபோல் கோப்புக்குப் பெயரிட்டு, ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

இனி தேதி. நீங்கள் அனுப்பிய படத்தில் “௲௱௰௨ ௵ ஆவணி ௴ ௫ ௳” என்று இருக்கிறது. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, ௨ இரண்டு, ஆக 1112. உங்கள் பக்கத்தில் வழங்கிய கொல்லம் ஆண்டு (கி.பி. 825-இல் தொடங்கும் ஆண்டுக் கணக்கு) இது. ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். எனவே இது 1936 ஆகஸ்ட் 20 வாக்கில் எழுதியது. அதே பக்கத்தில் “தாது வருஷம்” என்றும் இருப்பதால் கணக்கு ஒத்துப்போகிறது. தாது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: 1876, 1936, 1996. வருஷப் பெயரை மட்டும் நம்பினால் பஞ்சம் வந்த 1876-க்கே போய்விடுவீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் வருஷப் பெயர் சித்திரையில் மாறும், கொல்லம் ஆண்டு ஆவணியில்தான் மாறும். ஆகவே 1112 தையில் தாதுவும் 1112 சித்திரையில் ஈஸ்வரவும் இருப்பது எழுதியவரின் பிழை இல்லை.

எண்களைப் படி எடுக்கும்போது அதிகம் தவறுவது ௭-ஐ ‘எ’ என்றும் ௮-ஐ ‘அ’ என்றும் ௧-ஐ ‘க’ என்றும் வாசிப்பதில். ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய். அன்றைய ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை (தம்பிடி). நெல்லுக்குக் கோட்டையும் மரக்காலும். இந்த அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால் கிலோவாக மாற்றி எழுதாமல், நோட்டில் உள்ளபடியே அச்சிடுங்கள். எழுத்துப்பிழையையும் திருத்த வேண்டாம். சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் [?] போடுங்கள்.

கூலிப் பற்று எழுதிய பக்கங்களைச் சுருக்கிவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறோம். நட்டவர்கள், அறுத்தவர்கள், களம் தூற்றியவர்கள் பெயர் வேறெந்த ஏட்டிலும் இல்லாமல் இந்த நோட்டில் மட்டுமே இருக்கக்கூடும். ஊர் வரலாறு என்று நீங்கள் தேடுவதில் பாதி அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஆனால் சாதிப் பெயரோ இழிவான விளிப்போ வருகிற இடங்களை, அந்தக் குடும்பத்தாரிடம் காட்டிப் பேசிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

வெளியே தேட வேண்டியவை: சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று (கணினியில் கிடைப்பது பெரும்பாலும் 1975-க்குப் பிறகு, அதற்கு முந்தையதை மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும்), சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணயம்), இனாம் (மானிய நிலம்) பதிவேடுகள், 1917-இல் வெளிவந்த பேட் என்பவரின் திருநெல்வேலி மாவட்டக் கெசட்டியர். கொண்டான் கொடுத்தான் செங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ இருந்தால், அந்தப் பகுதிகள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்பு திருக்கொச்சி ஆட்சியில் இருந்தவை. பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்துக் காப்பகம்வரை போக வேண்டியிருக்கும்.

எழுதத் தொடங்கும்போது வரகுண பாண்டியனில் ஆரம்பிக்காதீர்கள். அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் அவனுடைய 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருப்பது உண்மை, ஊருக்கு இளங்கோக்குடி என்ற பழைய பெயர் இருந்ததும் உண்மை. ஆனால் அதற்கும் உங்கள் தாத்தாவுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு வெற்றிடம். குடும்பப் புத்தகங்கள் பலவும் அந்த வெற்றிடத்தைப் பெருமைப் பேச்சால் நிரப்பித்தான் நம்பகம் இழக்கின்றன. கையில் உள்ள மிகப் பழைய பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் அது நோட்டில் இருப்பதா, பெரியாச்சி சொன்னதா, நீங்கள் ஊகித்ததா என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள்.

வம்சாவளியில் பெண்மக்களை விட்டுவிட்டால் பாதிக் குடும்பம் காணாமல் போகும். கட்டிக்கொடுத்த ஊர், பிள்ளைகள் எல்லாம் வரட்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் பிறந்த ஆண்டைப் போடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, வழக்கில் உள்ள நிலத்தின் சர்வே எண் இரண்டும் வேண்டாம்.

அச்சுக்கு டெமி அளவு (வழக்கமான புத்தக அளவு) போதும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 192 பக்கம் என்றால் 12 ஃபாரம். இருநூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும். வெறும் கோந்து பைண்டிங் சில வருடத்தில் ஏடு ஏடாக உதிரும். நூல் தையல் கேளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டாம், யூனிகோடில் செய்யுங்கள். ௳, ௵ குறிகள் எல்லா எழுத்துருவிலும் இருக்காது, கட்டம் கட்டமாக விழும். மெய்ப்பில் அதைத் தனியாகப் பாருங்கள். கடைசியில் பெயரடைவு அவசியம். உறவினர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) இலவசம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு வெளியிடுபவர் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கும் ஒன்று கொடுங்கள். புத்தகம் வந்தபின் மூலங்களைப் பங்கு பிரிக்காதீர்கள். பெட்டி யார் வீட்டில் இருக்கும், அவருக்குப் பின் யாரிடம் போகும் என்பதை ஒரு தாளில் எழுதி, அண்ணன்மார் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.