தகட்டில் 134, ஆனால் அவர் போரிட்டது எந்தப் படையில்?

கேள்வி: என் கணவரின் தாத்தா வியன்னாக்காரர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்து உயிரோடு வீடு திரும்பியவர். ஸ்டாலின்கிராடில் இருந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவருடைய ராணுவச் சம்பளப் புத்தகமும் ஒரு முட்டை வடிவத் தகடும் எங்களிடம் இருக்கின்றன. தகட்டில் ‘3, காலாட்படை நிரப்புப் பட்டாலியன் 134’ என்று பொறித்திருக்கிறது. இதை வைத்து அவர் எந்தப் படையில் எங்கே போரிட்டார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் தகட்டிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும். தகட்டில் இருப்பது அவர் போரிட்ட படையின் பெயர் அல்ல, அந்தத் தகட்டை அவருக்குக் கொடுத்த படையின் பெயர். பெரும்பாலோர்க்கு அது சொந்த ஊர்ப் பக்கம் முதல் சில வாரப் பயிற்சி கொடுத்த பிரிவாகத்தான் இருக்கும். பிறகு எத்தனை படைக்கு மாறினாலும் தகடு மாறுவது அபூர்வம். அதில் ஆளின் பெயரும் இராது. படைப்பெயர், வரிசை எண், ரத்த வகை, அவ்வளவுதான். நடுவில் துளைக்கோடு போட்டு, இரு பாதியிலும் ஒரே விவரத்தைப் பொறித்திருப்பார்கள். ஆள் இறந்தால் கீழ்ப்பாதியை ஒடித்து எடுத்துக்கொள்வார்கள், மேல்பாதி உடலோடு போகும். உங்களுடையது முழுசாக இருப்பது அவர் பிழைத்து வந்த கதையோடு பொருந்துகிறது.

இந்த ‘நிரப்புப் பட்டாலியன்’ என்ன என்று தெரிய, வேர்க்ரைஸ் எனப்படும் ராணுவ மாவட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் 1,00,000 பேருக்குக் கட்டுப்படுத்திய பழைய ஜெர்மன் ராணுவத்தில் 7 காலாட்படை டிவிஷன்கள், 7 மாவட்டங்கள். (பல பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட், பல ரெஜிமென்டுகள் சேர்ந்தது டிவிஷன்.) 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவை திரும்ப வந்ததும் எண்ணிக்கை வளர்ந்தது. 1938இல் ஆஸ்திரியாவை இணைத்தபோது வியன்னா 17ஆம் மாவட்டமும் சால்ஸ்பர்க் 18ஆம் மாவட்டமும் ஆயின. போலந்தைப் பிடித்தபின் டான்சிக் 20, போசன் 21. நடுவில் 14, 15, 16, 19 என்ற எண்களுக்கு நிலப்பரப்பே கிடையாது. அவை வாகனமேறிய படைகளின் தலைமையகங்களுக்குப் போன எண்கள். வரைபடத்தில் அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஒரு மாவட்டத்துக்கு இரண்டு வேலை. அமைதிக் காலத்தில் அதன் தளபதியே அங்குள்ள டிவிஷன்களுக்கும் தளபதி. போர் தொடங்கியதும் அவர் களத்துக்குப் போய்விடுவார், துணைத் தலைமையகம் ஊரில் தங்கும். ஆள் சேர்ப்பது, பயிற்சி கொடுப்பது, காயம்பட்டுத் தேறியவர்களைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. களத்திலிருந்த ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் ஊரில் ஒரு நிரப்புப் பட்டாலியன் இருந்தது. 134ஆம் காலாட்படை ரெஜிமென்ட் 17ஆம் மாவட்டத்தின் 44ஆம் டிவிஷனைச் சேர்ந்தது. 131, 132 அதன் கூட்டாளிகள். தகட்டிலுள்ள பட்டாலியன் இந்த 134க்கு ஆள் நிரப்பியது. ஆக, தாத்தா 44ஆம் டிவிஷனுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், சான்று அல்ல. எண்ணை மட்டும் பார்த்து ‘134ஆம் டிவிஷன்’ என்று தேடினால் சம்பந்தமே இல்லாத வேறொரு டிவிஷன் கிடைக்கும். அதன் ரெஜிமென்டுகள் 439, 445, 446.

சான்று சம்பளப் புத்தகத்தின் 4ஆம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நான்கு பகுதிகளைப் பாருங்கள். முதலாவது, அவரைப் பதிவு செய்த ஆட்சேர்ப்பு அலுவலகம். இரண்டாவது, அவரைக் களத்துக்கு அனுப்பிய நிரப்புப் படை. தகட்டிலுள்ள பெயர் பெரும்பாலும் இங்கேதான் பொருந்தும். மூன்றாவதுதான் நீங்கள் தேடும் களப்படை. மாறும்போதெல்லாம் பழைய பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கீழே புதியதை எழுதுவார்கள், அதனால் அடிக்கப்பட்ட வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். பக்கத்தைச் சாய்த்து ஓரத்திலிருந்து வெளிச்சம் விழும்படி பிடித்தால் பேனா அழுத்திய தடம் தெரியும். நான்காவது, அப்போது அவருக்குப் பொறுப்பான நிரப்புப் படையும் அது இருந்த ஊரும். காயம்பட்டால் அவர் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். பழைய ஜெர்மன் சுருக்கங்களில் ‘ஐ’ எழுத்தை ‘ஜே’ போலப் போடுவது வழக்கம். காலாட்படைச் சுருக்கம் ‘ஜே’யில் தொடங்கினால் குழம்ப வேண்டாம்.

இனி ஸ்டாலின்கிராட். 44ஆம் டிவிஷன் 6ஆம் ராணுவத்தோடு அங்கே 1942 நவம்பரில் முற்றுகைக்குள் சிக்கி, 1943 தொடக்கத்தில் அழிந்தது. அதே ஆண்டில் அதே 44 எண்ணில், ‘ஹோஹ் உன்ட் டாய்ச்மைஸ்டர்’ என்ற வியன்னாவின் பழம்பெரும் படைப்பெயரோடு டிவிஷனைப் புதிதாகக் கட்டினார்கள். அது இத்தாலிக்குப் போய் 1944 தொடக்கத்தில் மான்டே கசினோவில் போரிட்டது. எண் ஒன்று, ஆட்கள் வேறு. பல குடும்பங்களில் ‘தாத்தா 44இல் இருந்தார், 44 ஸ்டாலின்கிராடில் இருந்தது, ஆகவே தாத்தாவும் அங்கே இருந்தார்’ என்ற கணக்கு இப்படித்தான் பிறக்கிறது. களப்படையில் சேர்ந்த தேதி 1943 பிப்ரவரிக்குப் பிறகு என்றால் அந்தக் கணக்கு நிற்காது. படைப்பெயரும் உதவும்: 1942 அக்டோபரில்தான் காலாட்படை ரெஜிமென்டுகளுக்கு ‘கிரனடியர்’ என்று பெயர் மாறியது. அந்தச் சொல் இருந்தால் பதிவு அதற்குப் பிந்தியது.

தேதி அழிந்திருந்தால் பதக்கப் பக்கத்தைப் பாருங்கள். கிழக்குப் போர்முனைக் குளிர்காலப் பதக்கம் 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரை அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அது இருந்தால் ஸ்டாலின்கிராடுக்கு முன்பே அவர் ரஷ்யாவில் இருந்தார் என்று ஆகிறது. அடுத்து மருத்துவமனைப் பக்கம். ஸ்டாலின்கிராடில் சரணடைந்த சுமார் 91,000 பேரில் நாடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 5,000 முதல் 6,000 பேர்தான். பிடிபட்டவர்களின் காகிதங்கள் பெரும்பாலும் பறிமுதலாயின. புத்தகம் இன்னும் உங்கள் கையில் இருப்பதால், அவர் அங்கே இருந்திருந்தாலும் காயத்தோடு விமானத்தில் வெளியேறியவராகவோ, முற்றுகைக்கு முன்பே அனுப்பப்பட்டவராகவோ இருக்கவே வாய்ப்பு. அப்படியானால் 1942 இலையுதிர்காலம் அல்லது குளிர்காலத் தேதியோடு ஒரு மருத்துவமனை முத்திரை இருக்க வேண்டும்.

மாவட்டத்தை வைத்து ஆளின் ஊரை முடிவு செய்வதும் எப்போதும் செல்லாது. இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு உருவான 950ஆம் ரெஜிமென்ட், ‘சுதந்திர இந்தியா’ படை, பயிற்சி பெற்றது டிரெஸ்டன் அருகே கோனிக்ஸ்ப்ரூக்கில், அதாவது 4ஆம் மாவட்டத்தில். அந்தக் கைதிகள் முன்பு அடைபட்டிருந்த அன்னபுர்க் முகாமும் அதே மாவட்டம்தான். கைதி முகாம்களின் பெயர்களிலுள்ள ரோமன் எண்ணும் இந்த மாவட்ட எண்ணே. கோல்டிட்ஸ் கோட்டை முகாமின் 4 அப்படி வந்தது. தாத்தா முகாம் காவலில் இருந்த குறிப்பு எங்காவது தென்பட்டால் இது கைகொடுக்கும்.

கடைசியாக ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள். பெர்லினில் தனியாக இயங்கிவந்த படைவீரர் தகவல் அலுவலகம் 2019 முதல் அதற்குள் சேர்ந்துவிட்டது. படைகள் அனுப்பிய தகட்டுப் பட்டியல்கள், இழப்பு அறிக்கைகள், இடமாற்றக் குறிப்புகள் அங்கே இருக்கின்றன. அவர் ஆஸ்திரியர் என்பதால் வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய அரசு ஆவணக்காப்பகத்திலும் கேளுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், உறவுமுறை ஆகியவற்றோடு தகட்டின் வாசகத்தை வரிசை எண்ணும் புள்ளியும் சாய்கோடும் உட்பட அப்படியே எழுத வேண்டும். 4ஆம் பக்கத்தின் தெளிவான படத்தையும் வையுங்கள். கடிதங்கள் இருந்தால், உறையிலுள்ள 5 இலக்கக் களத் தபால் எண்ணை முத்திரைத் தேதியோடு சேர்த்துக் கொடுங்கள். அந்த எண்களைப் பின்னால் வேறு படைகளுக்கும் கொடுத்ததால், தேதி இல்லாத எண்ணால் பயனில்லை. தகட்டைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். துத்தநாகத் தகட்டில் பொறிப்பு அதிலேயே மங்கிப்போகும்.