லாலிபெலாவில் இரண்டு மணி

கேள்வி: என் அப்பா 1970களில் எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அங்குள்ள லாலிபெலா ஊரின் பாறையில் குடைந்த கிறிஸ்தவக் கோயில்களைப் பற்றி அடிக்கடி சொல்வார். எனக்கு வயது 58, சுத்த சைவம். அந்தச் சின்ன ஊரில் சாப்பாட்டுக்குத் திண்டாடுவேனா?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: சாப்பாட்டுக்குத் திண்டாட மாட்டீர்கள், மணி பார்ப்பதில்தான் திண்டாடுவீர்கள். அங்கே கடிகாரம் விடியலில் தொடங்குகிறது, நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒரு மணி. இது தெரியாமல், "இரண்டு மணிக்கு வண்டி" என்று டிரைவர் சொன்னதை நம்பி மத்தியானம் பையும் கையுமாக வாசலில் நின்றேன். மனிதர் காலை எட்டுக்கே வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். யார் நேரம் சொன்னாலும் "உங்கள் மணியா, எங்கள் மணியா?" என்று கேட்டுவிடுங்கள்.

சரி, சாப்பாடு. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன் 55 நாள். விரதமென்றால் கறி, முட்டை மட்டுமல்ல, பால், நெய்கூட ஆகாது. "யெட்சோம் பெயாய்நெத்து" என்று கேளுங்கள், விரதத் தட்டு வரும். இஞ்செரா என்கிற அகலமான புளித்த தோசையின் மேல் மைசூர்ப் பருப்பு, கீரை, கோஸ், ஷிரோ என்கிற கடலை மாவுக் குழம்பு எல்லாம் சின்னச் சின்னக் குவியலாக இருக்கும். இஞ்செராவில் ஆப்பத்தின் ஓட்டை, மூன்று நாள் வெளியில் கிடந்த தோசை மாவின் புளிப்பு. முதல் வாயில் முகம் சுளித்தேன், மூன்றாம் நாள் நானே தேடிப் போனேன். தயிர்சாதத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

கோயில்கள் 11. மேலிருந்து கீழாகக் குடைந்தவை, கழுகுமலை வெட்டுவான் கோயில் பார்த்திருந்தால் புரியும். ஒவ்வொன்றிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். கம்பளங்களில் தெள்ளுப்பூச்சி உண்டு, தடித்த சாக்ஸ் அவசியம். ஊர் சுமார் 2,500 மீட்டர் உயரம், ஊட்டியைவிட அதிகம், மூச்சு வாங்கும். ஜனவரி 7 அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். அந்த வாரம் வேண்டாம், கூட்டம் அலைமோதும்.

லாலிபெலா இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023-இல் சண்டை மூண்டது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் அடிஸ் அபாபா இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். தரைவழியே போக வேண்டாம், விமானம்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள்.

அப்புறம், அப்பாவின் பழைய காகிதங்களில் 1965 என்று இருந்தால் குழம்பாதீர்கள். அது அவர்கள் வருஷமாக இருக்கும். நம் வருஷம் தெரிய ஏழோ எட்டோ கூட்டிக்கொள்ளுங்கள்.