கால்நடை கேள்வி–பதில்: புயலுக்குப் பின் நிவாரணம்

புயல் மழையில் கிடையிலிருந்த 42 செம்மறிகள் செத்துவிட்டன. நாற்றம் தாங்காமல் மறுநாளே புதைத்துவிட்டோம். நிவாரணம் கிடைக்குமா? – வாசகர், தேவிபட்டினம்

கிடைக்க வழியுண்டு, ஆனால் முழுவதற்கும் இல்லை. 2022–26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 30 ஆடுகள் வரைதான் கணக்கு. ஆக, உங்களுக்கு அதிகபட்சம் 1,20,000 ரூபாய். கறவை மாடு, எருமைக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000. பெரிய மாடுகள் என்றால் 3 வரை.

புதைத்ததுதான் சிக்கல். கால்நடை உதவி மருத்துவர் உடலைப் பார்த்து, புயலால்தான் செத்தது என்று எழுதித் தர வேண்டும். அந்தச் சான்றும் வி.ஏ.ஓ. அறிக்கையும் வட்டாட்சியரிடம் போனால்தான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். இப்போது உடனே வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். புதைத்த இடத்தைக் காட்டுங்கள். செல்போனில் படம் இருந்தால், அக்கம்பக்கத்துக் கிடைக்காரர்களின் சாட்சி இருந்தால், தடுப்பூசி போட்ட பதிவு இருந்தால் எல்லாவற்றையும் சேருங்கள். ஆடு உங்களுடையது என்று காட்ட அந்தத் தடுப்பூசிப் பதிவு பெரிதும் கைகொடுக்கும். பலர் அதைப் பத்திரப்படுத்துவதே இல்லை.

இனி ஒரு புயல் வந்தால், காதுவில்லை (ஆட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லை) எண் தெரியும்படி ஒரு படம், கிடை முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட்டு மருத்துவர் வரும்வரை பொறுங்கள். காப்பீடு செய்திருந்தால் காதுவில்லை கழன்றுவிடக் கூடாது. வில்லை இல்லையென்றால் காப்பீட்டுப் பணமும் இல்லை. கடலோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும் என்பதால், கிணறு, ஊருணிக்குத் தள்ளி மேட்டில் குழியெடுத்துச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

கூரை விழுந்து பசுவின் கால் ஒடிந்துவிட்டது. சிகிச்சைச் செலவைத் தருவார்களா? – வாசகர், தொண்டி

தனியாரிடம் செய்த செலவைத் திருப்பித் தர இந்த விதியில் இடமில்லை. இழப்பீடு இறந்த மாட்டுக்குத்தான். 1962 என்ற தொலைபேசி எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். வீட்டோடு சேர்ந்த கொட்டகை சரிந்திருந்தால் 3,000 ரூபாய்க்குத் தனியாக மனுப் போடுங்கள்.

150 நாட்டுக்கோழிகள் வெள்ளத்தில் போயின. – வாசகர், சாயல்குடி

கோழிக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு 10,000 உச்சவரம்பு. அதாவது 100 கோழிக்குத்தான் கிடைக்கும். பிற்பாடு நோயில் செத்தவற்றை இதில் சேர்க்காதீர்கள். மனு முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.