சைலன்சரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா? கேள்வி பதில்

கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா, அதன் திருட்டு, அதற்குப் பிறகு வரும் சைலன்சர் வேலை, இந்த இரண்டைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அந்த டப்பாவைச் சுருக்கமாக ‘கேட்கான்’ என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன். கிளட்ச், ஏசி, ‘எந்த கார் வாங்கலாம்’ எல்லாம் வேறொரு நாள்.

செல்வம், ஆவடி: அண்ணே, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஈகோ வண்டி. ராத்திரி தெருவில்தான் நிற்கும். இன்று காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிராக்டர் மாதிரி சத்தம். குனிந்து பார்த்தால் பைப் பாதியோடு நிற்கிறது. மெக்கானிக் கடை வரை ஓட்டிப் போகலாமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டாதீர்கள் தம்பி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு என்றால் பேச்சே வேண்டாம். ஈகோவில் இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். வழக்கமாகப் புகை பின் பம்பரைத் தாண்டி வெளியே போகும். இப்போது வண்டியின் நடுவயிற்றில், ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கீழேயே கக்குகிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். வெயில் என்று நினைத்துக்கொள்வோம். அதோடு அந்தச் சூடு பக்கத்தில் போகும் ஒயர்களையும் உருக்கிவிடும். டோ பண்ணி எடுத்துப் போங்கள்.

அதற்கு முன் படம் எடுங்கள்: வண்டி நின்ற இடம், நம்பர் பிளேட், அடியில் பைப் முனை, தொங்குகிற ஒயர். பிறகு காவல் நிலையம். பல இடங்களில் முதலில் புகார் வந்ததைப் பதிந்த சி.எஸ்.ஆர் ரசீதோடு அனுப்பிவிடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எஃப்.ஐ.ஆர் போடச் சொல்லிக் கேளுங்கள். ‘சைலன்சர்தானே’ என்று யாராவது சொன்னால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவின்படி இதுவும் திருட்டுதான் என்று பணிவாகச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே தகவல் போகட்டும். சர்வேயர் பார்க்கும் முன் வேலையை ஆரம்பித்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

கீதா, மதுரை: அந்தத் துருப்பிடித்த டப்பாவில் அப்படி என்னதான் சார் இருக்கிறது?

டப்பா துருதான். உள்ளே தேன்கூடு மாதிரி துளைத்துளையாக ஒரு செராமிக் கட்டி. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத பூச்சாக இருக்கும். மொத்தமே சில கிராம்தான். ஆனால் 2021இல் ரோடியம் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், ஏறக்குறைய 29,000 டாலர் வரை போனது. பல்லேடியமும் 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டியது. உலகத்து ரோடியத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கத்தில் ஏதாவது ஆனால் இங்கே நம் தெருவில் சைலன்சர் காணாமல் போகிறது. பிறகு விலை இறங்கிவிட்டது. ஆனால் தொழில் பழகியவன் விடமாட்டான்.

வேலை என்னவென்றால், கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜனாக மாற்றுவது. நம் நாட்டில் 1995 ஏப்ரலிலிருந்து நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. காலையில் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு: பெட்ரோல் எரியும்போதே தண்ணீரும் உண்டாகும், குளிர்ந்த பைப்பில் அது சொட்டும். அது கோளாறு இல்லை.

ரஹீம், வேலூர்: ஏன் எப்போதும் ஈகோவையே குறி வைக்கிறார்கள்?

உயரமாக நிற்கிறது, ஜாக்கி வேண்டாம். போல்ட்டில் மாட்டியிருக்கிறது, அறுக்க வேண்டாம். ஸ்பேனர் தெரிந்தவனுக்குச் சில நிமிட வேலை. தெருவில் நிற்கும் வண்டி வேறு. 2021 வாக்கில் குஜராத்தில் பிடிபட்ட சில கும்பல்கள் இன்னும் ஒரு படி மேலே: சைலன்சரைக் கழற்றி, உள்ளே இருக்கும் செராமிக்கை, அவர்கள் மொழியில் ‘மண்ணை’, மட்டும் எடுத்துவிட்டு, காலி டப்பாவைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். சொந்தக்காரருக்கு மாதக்கணக்கில் தெரியாது. பொல்யூஷன் டெஸ்டில் ஃபெயில் ஆகும்போதுதான் தெரியும்.

அதனால் உங்கள் கேட்கானில் புதிதாக வெல்டிங் கோடு தெரிந்தால், ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். காலி டப்பா ‘டங்’ என்று ஒலிக்கும். முழுசாக இருந்தால் ‘தொப்’ என்று அடங்கிவிடும். உள்ளே கலகலவென்று உருண்டால் செராமிக் உடைந்திருக்கிறது.

முருகேசன், ஈரோடு: புது கேட்கான் விலை என்ன வரும்?

மாடலுக்கு மாடல், புகை அளவு விதியான பி.எஸ்.4க்கும் பி.எஸ்.6க்கும் மாறும். சேசிஸ் நம்பரோடு கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் கேளுங்கள்.

பிரியா, கோவை: சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டி, ஏழு வருடம் ஆகிறது. இன்சூரன்ஸில் முழுப் பணமும் வருமா?

தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் திருட்டுக்கும் உண்டு. ஆனால் ஐந்திலிருந்து பத்து வருடம் ஆன வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1000 ரூபாய் தனி. நோ கிளைம் போனஸும் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு கிளைம் போடுங்கள். ‘இது ஆக்சசரி, தர முடியாது’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மியூசிக் சிஸ்டம் ஆக்சசரி. கேட்கான் வண்டியோடு பிறந்த பாகம்.

சுந்தர், திருச்சி: எங்கள் ஊர் வெல்டர் ஒரு பைப் வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார். சரியாக வருமா? வேலை எப்படி நடக்க வேண்டும்?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதல் விஷயம், பேட்டரி நெகடிவ் டெர்மினலைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு. போனால் கேட்கான் விலையெல்லாம் சில்லறையாகிவிடும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரையும் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். எங்கோ பாடியில் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகவெல்லாம் சுற்றி வரும்.

திருடன் அவசரத்தில் சென்சார் ஒயரையும் இழுத்து அறுத்திருப்பான். நான்கு ஒயரில் இரண்டு ஹீட்டருக்கு, அவை பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும். மற்ற இரண்டும் சிக்னலும் எர்த்தும். முறுக்கி டேப் சுற்றினால் மழைக்காலத்தில் திரும்ப வருவீர்கள். சென்சாரையே கனெக்டரோடு மாற்றுவதுதான் சரி.

பிறகு, இரண்டு பைப்பும் போல்ட்டில் சேரும் ஃபிளாஞ்ச். பழைய ஸ்டட் துருவில் உடைந்திருந்தால் துளையிட்டு எடுத்து, தரமான புதுசு போடுங்கள். இடையில் வைக்கும் பேக்கிங் கண்டிப்பாகப் புதுசு. பழைய பேக்கிங் மேல் சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அந்த சிலிக்கான் புகையே ஓ2 சென்சாரைச் சாகடிக்கும். ரப்பர் ஹேங்கர் தொய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் மொத்த எடையும் வெல்டிங் மேல் விழுந்து சீக்கிரமே விரிசல் விடும். கம்பெனி ஹீட் ஷீல்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியில் லீக் டெஸ்ட். வால் பைப்பைத் துணியால் ஒரு நிமிடம் அடைத்துப் பிடித்து, ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக் கொடுக்கும். இன்ஜின் சூடாகும் முன் செய்யுங்கள். கேட்கானுக்கு முன்னால் ஒரு ஓ2 சென்சார், பின்னால் ஒன்று இருக்கும்; அந்த முன் சென்சாருக்கு முன்னால் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும், இ.சி.யு. கூடுதலாக ஊற்றும், புது கேட்கான் வெந்துபோகும்.

மதி, திருப்பூர்: எதற்கு சார் இவ்வளவு? நான் கேட்கானை எடுத்துவிட்டு டம்மி பைப் போட்டேன். மைலேஜும் ஏறியது, பிக்கப்பும் ஏறியது. திருடுவதற்கும் ஒன்றும் இல்லை.

வந்துவிட்டீர்களா! யாராவது வருவீர்கள் என்று தெரியும்.

உங்களுக்கு மைலேஜ் ஏறியிருந்தால் ஒரே காரணம், பழைய கேட்கான் அடைத்திருந்தது. அடைத்த மூக்கைத் திறந்ததற்கும் மூக்கையே அறுத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மதி, திருப்பூர்: ரேஸ் வண்டிகளில் எல்லாம் எடுத்துவிடுகிறார்களே? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ஜோசப், நாகர்கோவில்: மதி அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. என் பழைய வண்டியிலும் எடுத்த பிறகு நன்றாக இழுத்தது. ஆனால் சத்தம் தாங்கவில்லை, செக் இன்ஜின் லைட்டும் அணையவில்லை.

மதி, திருப்பூர்: லைட்டுக்கு, பின் சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் ஒன்று போட்டால் போச்சு.

சரி, அளந்தே பேசுவோம். முன் ஓ2 சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள், 2500 ஆர்.பி.எம்.மில் மூன்று பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் கேட்கான் உங்கள் இன்ஜினை மறிக்கவே இல்லை. எடுத்தாலும் நீங்கள் உணரும்படி ஒன்றும் கிடைக்காது, கிடைப்பது சத்தம்தான். சத்தம் ஏறினால் வேகம் ஏறியதாகத் தோன்றும், அது மனித சுபாவம். அளவு தாண்டினால் அடைத்திருக்கிறது. அப்போது ஏன் அடைத்தது என்று தேட வேண்டும். பிளக் அல்லது காயில் போய் ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால், எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்து செராமிக்கையே உருக்கிவிடும். ஆயில் குடிக்கும் இன்ஜின் என்றால் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் பூச்சை மூடிவிடும். மூல நோயை விட்டுவிட்டு டப்பாவைத் தூக்கிப் போட்டால் இன்ஜின் அதே நோயோடு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பேசரும் போட்டாயிற்று என்றால், அதைச் சொல்ல வேண்டிய விளக்கையும் ஏமாற்றிவிட்டீர்கள்.

ரேஸ் வண்டி ரேஸ் டிராக்கில் ஓடுகிறது. உங்கள் வண்டி அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிறது.

அப்புறம் சட்டம். பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். தாண்டக் கூடாது. டம்மி பைப்போடு இந்த டெஸ்டில் நேர்மையாகப் பாஸ் ஆவது நடக்காத காரியம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இல் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, லைசென்ஸுக்கும் மூன்று மாதம் தடை வரலாம்.

மதி, திருப்பூர்: யார் சார் இங்கே நேர்மையாக டெஸ்ட் பண்ணுகிறார்கள்?

அது வேறு சண்டை. அதற்கு இன்று நேரம் இல்லை.

அன்பு, சேலம்: கேட்கான் திருட்டுப் போய்விட்டது. விலை எவ்வளவு வரும் அண்ணா?

முருகேசனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வித்யா, சான் ஹோசே, கலிபோர்னியா: என்னுடையது 2008 டொயோட்டா பிரியஸ். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே அறுத்துவிட்டார்கள். மலிவாக ஆன்லைனில் ஒன்று வாங்கி மாட்டலாமா?

அங்கே மாட்ட முடியாதும்மா. கலிபோர்னியாவில் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் ‘கார்ப்’ வாரியத்தின் உத்தரவு எண் உள்ள கேட்கானாக இருக்க வேண்டும். எண் டப்பா மேலேயே அடித்திருக்கும், உங்கள் வண்டி வருடத்துக்கும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் ஸ்மாக் செக் என்னும் புகைப் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள். உங்கள் பாலிசியில் திருட்டுக்கும் பணம் தரும் ‘காம்ப்ரிஹென்சிவ்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மோதலுக்கான ‘கொலிஷன்’ மட்டும் இருந்தால் உதவாது. 2004 முதல் 2009 வரையான பிரியஸை அவர்கள் தேடித் தேடி எடுப்பதற்குக் காரணம், உள்ளே உலோகம் அதிகம். ஹைபிரிட் என்பதால் இன்ஜின் பாதி நேரம் ஓய்வு, பூச்சும் தேயாமல் இருக்கும். புதுசு போட்டதும் அடியில் உலோகத் தகடு ஒன்று மாட்டிவிடுங்கள்.

உங்கள் ஊரில் 2023 ஜனவரியிலிருந்து கேட்கானை யாரிடமிருந்து வாங்கினார்கள், எந்த வண்டியுடையது என்று ஸ்கிராப் கடைக்காரர் பதிவு வைக்க வேண்டும். 2022 நவம்பரில் அமெரிக்க அரசு திருட்டுக் கேட்கான்களை வாங்கி விற்ற ஒரு பெரிய கும்பலைப் பிடித்து 545 மில்லியன் டாலர் பறிமுதல் கேட்டது. திருடனைவிட வாங்குகிறவனைப் பிடித்தால்தான் இது நிற்கும். நம் ஊர் காயலான் கடைக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும்.

கார்த்திக், சென்னை: பழைய கேட்கான் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பில் தருவாரா? எந்த வண்டியில் கழற்றியது என்று எழுதித் தருவாரா? இரண்டும் இல்லையென்றால் அது இன்னொரு செல்வத்தின் வண்டியில் இருந்து வந்ததாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதே நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் நீங்களும் உள்ளே.

தமிழரசி, தஞ்சாவூர்: ரோட்டில் வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள். மேலே ஏற்றிப் போனால் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கேட்கான் ஓடும்போது பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். வைக்கோல், கொள்ளுக்கொடி எல்லாம் அடியில் சுற்றிக்கொண்டால் பற்றிக்கொள்ளும். தவிர்க்க முடியாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். காய்ந்த புல் மேல் பார்க்கிங்கும் வேண்டாம்.

தினேஷ், ஓசூர்: ஸ்கேனரில் கேட்கான் சரியில்லை என்னும் பி0420 கோடு வருகிறது. கேட்கான் போய்விட்டதா?

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். முதலில் லீக், பிறகு மிஸ்ஃபயர், பிறகு பின் சென்சார். கடைசியில் கேட்கான்.

பெயர் வேண்டாம், கரூர்: டீசல் பொலேரோவில் இருக்கிறதா?

டீசலுக்குத் தனி அமைப்பு, பி.எஸ்.6இல் புகைக்கரி வடிகட்டியும் சேரும். இன்னொரு நாள்.

ஹரி, சென்னை: என்னுடையது மின்சார கார். எனக்கு ஏதாவது கவலை உண்டா?

கீழே பேட்டரி இருக்கிறது, அதைப் பாருங்கள். இந்தக் கவலை இல்லை.

மணி, விழுப்புரம்: விலை…

முருகேசன்.

செல்வம், ஆவடி: அண்ணே, டோ பண்ணிக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். எஃப்.ஐ.ஆரும் போட்டாயிற்று. புதுசு போட்ட பிறகு மறுபடி போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

சுவரை ஒட்டி, அடியில் யாரும் புக முடியாதபடி நிறுத்துங்கள். கேட்கானைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு ஒன்று லேத்தில் செய்து வாங்குங்கள். ஆனால் கேட்கானை ஒட்டாமல், காற்று போகும்படி இடைவெளி விட்டு, சேசிஸில் போல்ட் போட வேண்டும். போல்ட் தலையை வெல்டிங் வைத்து மூடிவிடலாம். சர்வீஸில் கழற்ற வேண்டி வந்தால் கிரைண்டரில் அறுத்துக்கொள்ளலாம். டப்பா மேல் வண்டி நம்பரைப் பொறித்து வைத்தால் விற்பவனுக்குச் சங்கடம். கூண்டுக்கு வெல்டிங் வைக்கும்போதும், தம்பி, நெகடிவ் டெர்மினல்!