கேள்வி பதில்: தங்கமும் தராசும்

கே: பூமத்திய ரேகைப் பக்கம் போனால் எல்லாப் பொருளுக்கும் எடை குறையுமாமே. அங்கே தங்கம் வாங்கித் துருவத்துப் பக்கம் விற்றால் லாபம் பார்க்கலாமா? (வாசகர், தேனி)

யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, விமான டிக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. எடை குறைவது உண்மை. மேலிருந்து விழும் பொருளின் வேகம் பூமத்திய ரேகையில் ஒவ்வொரு நொடியும் 9.78 மீட்டர் கூடும், துருவத்தில் 9.83 மீட்டர். வித்தியாசம் அரை சதவீதம்தான், பவுனுக்கு 40 மில்லிகிராம் தேறும். பூமி தன்னைத்தானே சுற்றுவது இதில் பெரும்பங்கு. போதாததற்கு அதன் இடுப்பு வேறு கொஞ்சம் பெருத்திருப்பதால், பூமத்திய ரேகையில் நிற்பவர் துருவத்தில் நிற்பவரைவிட மையத்திலிருந்து 21 கி.மீ. தள்ளி நிற்கிறார்.

சரி, அந்த 40 மில்லிகிராமாவது கிடைக்குமா? இரண்டு தட்டுத் தராசில் கிடைக்காது, தங்கம் இளைத்தால் எதிர்த்தட்டுப் படிக்கல்லும் அதே அளவு இளைக்கும். எலக்ட்ரானிக் தராசு அழுத்தத்தைத்தான் அளக்கிறது, ஆனால் அதை அந்தந்த ஊரிலேயே படிக்கல் வைத்துச் சரிபார்த்துவிடுவார்கள். ஆக, நீங்கள் தராசையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், கடைக்காரரும் அதை நம்பவேண்டும்!

இந்த வித்தியாசத்தை முதலில் காட்டிக்கொடுத்தது ஊசல் கடிகாரம். பாரிசில் ஒழுங்காக ஓடிய கடிகாரம், தென் அமெரிக்காவின் கயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதை 1672இல் அங்கே போன வானியலாளர் ழான் ரிஷே கவனித்தார், ஊசலின் நீளத்தைக் குறைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு விசேஷம் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரிய வட்டாரம் ஒன்று இருக்கிறது, அங்கே கடல் மட்டமே கணக்குப்படி இருக்கவேண்டியதைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. சரிவு பல நூறு கி.மீ. பரந்திருப்பதால் கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

கே: கோள்களையே கட்டி இழுக்கிறதே, ஈர்ப்புதானே உலகிலேயே வலுவான விசை? (வாசகர், ஈரோடு)

இருப்பதிலேயே நோஞ்சான் அதுதான். தரையில் கிடக்கும் குண்டூசியைப் பூமி மொத்தமும் சேர்ந்து கீழே இழுக்கிறது, ஒரு பொடிக் காந்தம் அதை லபக்கென்று மேலே தூக்கிவிடுகிறதே! ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானும் புரோட்டானும் ஒன்றையொன்று இழுக்கும் மின்விசை, அவற்றுக்கிடையே உள்ள ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்றால், 2 போட்டுப் பின்னால் 39 பூஜ்யம் போடுங்கள்.

அப்புறம் எப்படி அது ஜெயிக்கிறது? மின்சாரத்தில் நேர், எதிர் இரண்டும் இருப்பதால் பெரிய பொருட்களில் ஒன்றை ஒன்று அடித்துவிடும், அணுக்கருவைக் கட்டிவைக்கும் விசையோ கருவைத் தாண்டி எட்டாது. ஈர்ப்புக்கு எதிர்ப்பக்கம் கிடையாது, தூரம் கூடக்கூடக் குறையுமே தவிரத் தீர்ந்துபோகாது, பொருள் சேரச்சேரக் கூடிக்கொண்டே போகும்.

கே: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லையா? (வாசகர், மதுரை)

பூமிக்கு மேலே 400 கி.மீ. உயரம்தானே, தரையில் இருப்பதில் 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டு இருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. என்பதால் பூமியில் வந்து மோதாமல் சுற்றுகிறார்கள். தேனி வாசகர் தராசோடு அங்கே போனால் எத்தனை பவுன் வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டும்.