கட்டி உள்ள இடத்தில் இன்சுலின் போடாதீர்கள்

அம்மாவுக்குப் பேனாவில் இன்சுலின் போடுகிறேன், ஊசியை எடுத்ததும் ஒரு சொட்டு வெளியே வருகிறது, சர்க்கரையும் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது, தொப்புள் பக்கம் லேசான கட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சொட்டுக்குப் பயப்படாதீர்கள். பொத்தானை முழுக்க அழுத்தி, விரலை எடுக்காமல் 10 வரை மெதுவாக எண்ணிவிட்டு அப்புறம் ஊசியை உருவுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

எனக்கு அந்தக் கட்டிதான் உறுத்துகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும், அங்கே வலி குறைவு என்பதால் பலர் அங்கேயே போட்டுக்கொண்டிருப்பார்கள், ஆனால் மருந்து ஒருநாள் சரியாக ஏறும், ஒருநாள் ஏறாது. கண்ணுக்குத் தெரியாததும் விரலால் தடவினால் ரப்பர் மாதிரி தட்டுப்படும். அந்த இடங்களை விட்டுவிட்டு, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் நகர்த்திப் போடுங்கள். தொடையிலும் போடலாம்.

ஆனால் அவசரப்பட்டு இன்றைக்கே மாற்றிவிடாதீர்கள்! நல்ல இடத்தில் அதே அளவு மருந்து கூடுதலாக வேலை செய்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், அதனால் முதலில் டாக்டரிடம் கட்டியைக் காட்டி அளவைக் கேளுங்கள், மாற்றிய பிறகு கொஞ்ச நாள் அடிக்கடி சர்க்கரை பாருங்கள். சரி, ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுகிறீர்களா?