பழைய லாரியில் வீல் சிலிண்டர் மாற்றி ஏர் எடுத்த பிறகும் பிரேக் பெடல் கீழே போகிறதே, ஏன்?

உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஏர் எடுப்பது என்றால் பிரேக் ஆயில் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஆயிலே இல்லாமல் காற்றழுத்தத்தில் ஓடும் முழு ஏர் பிரேக் வண்டியில் அந்த வேலையே கிடையாது. அதில் பின் சக்கரத்து ஸ்பிரிங் சேம்பரை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொன்றுவிடும்.

சரி, ஆயில் பிரேக்குக்கு வருவோம். இன்னொரு தடவை ஏர் எடுப்பதற்கு முன்னால் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பெடலை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் போய்விடும். இப்போது பெடல் எப்படி இருக்கிறது என்று காலால் கவனியுங்கள். முதல் மிதிக்குக் கீழே போய், அடுத்தடுத்து அடித்தால் மேலே வந்து கெட்டியாக நிற்கிறதா? பெரும்பாலும் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான். ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்குக்கும், அது உரசும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால் அதை அடைக்கவே பெடலின் பாதி ஓட்டம் போய்விடும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் அது சரியாகாது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருகுங்கள். பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

அடித்து மேலே வந்த பிறகும் பஞ்சு போல அமுங்கினால் ஏர் இருக்கிறது. கெட்டியாக நின்று, காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா? வெளியே எங்கும் ஒழுகலும் இல்லையா? அப்படியென்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள், ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் கசிய விடுகிறது.

இந்தக் கடைசி ஒன்று பழைய வண்டிகளில் ஏர் எடுத்த பிறகுதான் அடிக்கடி வரும். பல வருஷமாக அந்த கப் சிலிண்டரின் ஒரு பகுதிக்குள்ளேயேதான் போய் வந்திருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் ஈரம் சேர்ந்து துரு அரித்துச் சொரசொரப்பாகியிருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்த இடத்துக்குப் போய் விளிம்பு கிழிந்துவிடும். அதனால்தான் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைக்காமல் நான் இந்த வேலையைத் தொடங்குவதே இல்லை.

ஏர் இருப்பது உறுதியானால் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டே வாருங்கள். சில வண்டிகளுக்கு வேறு வரிசை உண்டு, சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சக்கரத்தில் ஏர் வெளியேற இருக்கும் சின்னத் திருகான நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் முங்க வையுங்கள். ஒருவர் மெதுவாக மிதிக்க, நீங்கள் திறக்க வேண்டும். கால் மேலே வருவதற்குள் நிப்பிளை மூடிவிட வேண்டும். இதில் ஒரு நொடி பிந்தினாலும் வெளிக்காற்று மரையோரமாக உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலிருக்கும் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்க விடாதீர்கள். கறுப்பாக வருவது தெளிந்து, குமிழி நின்றால் அடுத்த சக்கரம். பின் அச்சில் லோடுக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு இருந்தால், அதிலும் ஒரு நிப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் அது.

துருப்பிடித்த நிப்பிளை ஓப்பன் ஸ்பேனர் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும், இல்லையென்றால் ஒடிந்தே போகும். துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற விட்டு, லேசாகத் தட்டி, ஆறுமுனை சாக்கெட் போட்டுத் திறங்கள்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டாட் 3, டாட் 4 என்ற இரண்டு வகை பிரேக் ஆயிலும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவுகோல் 140-க்கு இறங்கிவிடுகிறது. லோடோடு நீண்ட இறக்கத்தில் வரும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் சட்டென்று தரைக்குப் போய்விடும். கடையில் வாங்கித் திறந்து கிடந்த ஆயில் டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓட விட்டுப் பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கும் ஈரம் இல்லை, பெடலும் இறங்கவில்லை என்றால் முதலில் லோடு இல்லாமல் ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.